கேள்வி – பதில்: மன்னனுக்குப் பதிலாக நின்ற கல்

கேள்வி: பண்டைய சுமேரிய (இன்றைய தெற்கு இராக்) மன்னர்கள் தங்கள் சிலையைக் கோயிலுக்குள் வைத்தது புகழுக்காகவா?

பதில்: புகழ் இரண்டாம்பட்சம். மன்னனால் எந்நேரமும் தெய்வத்தின் முன் நிற்க முடியாது. அவனுக்காகச் சிலை இடைவிடாமல் வேண்டிக்கொண்டிருந்தது. சிலையின் கோத்த கைகளுக்குப் பொருள் அதுதான்.

சுமேரிய நகர அரசான லகாஷை கி.மு. 22ஆம் நூற்றாண்டில் ஆண்ட குதேயாவின் சிலை ஒன்று, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை இல்லை, உயரம் 93 செ.மீ. மடியில் ஒரு பலகை. அதில் மதில் வரைபடம், அருகே எழுத்தாணி, அளவுகோல். நின்கிர்சு தெய்வத்துக்கு எனின்னு கோயிலைக் கட்டியவன் அதன் வரைபடத்தோடு அமர்ந்திருக்கிறான். எவ்வளவு அழகான வேண்டுதல்!

இந்தச் சிலைக்குப் பெயரும் உண்டு: ‘என் தலைவனுக்குக் கோயில் கட்டினேன், ஆயுளே எனக்குப் பரிசு’. தினப்படையலும் கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளது: பீர் 1 சிலா, ரொட்டி 1 சிலா, மாவு அரை சிலா, உடைத்த கோதுமை அரை சிலா. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். படையலை நிறுத்துபவருக்குச் சாபம்.

கேள்வி: பொன், வெள்ளியை விட்டுக் கருங்கல் ஏன்?

பதில்: கல்வெட்டே சொல்கிறது: இது வெள்ளியும் அல்ல, லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லும் அல்ல, செம்பும் அல்ல, டயோரைட் என்ற கடினமான கருங்கல். உலோகத்தை உருக்கி வேறு வேலைக்குப் பயன்படுத்திவிடலாம். இந்தக் கல்லை முடியாது. மாகன் (Magan) என்ற நாட்டிலிருந்து, அதாவது இன்றைய ஓமன் பக்கமிருந்து, கொண்டுவந்தார்கள். செம்பு உளி இதில் மழுங்கிவிடும். கல்லால் கொத்தி, மணல் போன்ற உராய்வுத்தூள் போட்டுத் தேய்த்தே மெருகேற்ற வேண்டும்.