ப வடிவக் கம்பியும் ஒன்றரை மில்லிமீட்டரும்

அன்புள்ள சேர்,

நான் களுவாஞ்சிகுடி. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். போன மாதம் அம்மாவுக்குக் குடலில் கட்டி எடுத்தார்கள். மிச்சக் குடலை ஸ்டேப்ளரால் பொருத்தியதாக டொக்டர் சொன்னார். கருவியை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அடித்தாராம். பிறகு காற்றடித்தும் சோதித்தாராம். அம்மா இப்போது சுகம். எங்கள் மெஷின் நாள் முழுக்கத் தைக்கிறது, நாங்கள் இவ்வளவு சந்தேகப்படுவதில்லை. ஒரே ஒரு தடவை அடிக்கும் கருவிக்கு ஏன் இத்தனை சோதனை? பிழையே விடாத ஒன்றைச் செய்ய முடியாதா? அந்தக் கம்பிகள் உள்ளேயே இருக்குமா?

அன்புள்ள தம்பி,

அம்மா சுகமாக இருக்கிறார் என்று வாசித்ததும் மனம் நிறைந்தது.

தடித்த துணி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஊசி நம்பரை மாற்றுவீர்கள், துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைச் சரிபார்ப்பீர்கள், ஒரு வெட்டுத் துண்டில் ஓட்டிப் பார்ப்பீர்கள். சத்திரசிகிச்சையில் அந்த வெட்டுத் துண்டு கிடையாது. அதோடு குடல் ஈரமும் உயிரும் உள்ள பொருள். அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் நீர் மெதுவாக விலகும், சதை மெலியும். 15 விநாடி அளவாவது பொறுத்து அடித்தால் கம்பி சீராக மடியும். டொக்டர் காத்திருந்தது அதற்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் பயிற்சிக்கு வைத்திருந்த, காலாவதியான நேர்கோட்டு ஸ்டேப்ளர் ஒன்று என் கைக்கு வந்தது. சந்தையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்து, கல்லடி வீட்டு மேசையில் அடித்துப் பார்த்தேன். பிறகு கம்பிகள் அடுக்கியிருக்கும் பெட்டியான கார்ட்ரிட்ஜைப் பிளந்தேன். ஒவ்வொரு கம்பியும் நம் 'ப' எழுத்துப் போல, கால்களை மேலே தூக்கியபடி ஒரு குழிக்குள் இருக்கிறது. அடியில் சரிவான ஒரு சின்னத் துண்டு வழுக்கிக்கொண்டு முன்னால் போகப் போக, கம்பிகள் ஒவ்வொன்றாக மேலே தள்ளப்படுகின்றன. கருவியின் மேல்தாடையில் உள்ள பள்ளங்களில் கால்கள் முட்டி உள்நோக்கிச் சுருண்டு, ஆங்கில 'பீ' எழுத்தாகின்றன. கத்தி சற்றுப் பின்னால்தான் வருகிறது. அதாவது முதலில் தையல், அப்புறம் வெட்டு. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. 'பீ'யின் இரண்டு வளையங்களுக்குள்ளால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓட இடமிருக்கும், அதனால் வெட்டிய விளிம்பு சாகாது. கம்பி வரிசைகளும் செங்கல் கட்டுவது போல ஒன்றின் இடைவெளியை மற்றது மறைக்கும்படி நிற்கும்.

அடுத்த தடவை குடலை நான்காக மடித்து வைத்து அடித்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நடுவில் பல கம்பிகள் பாதியில் நின்றிருந்தன. கால்கள் சதைக்குள்ளேயே தீர்ந்துபோய்விட்டன. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அளவுதான் தவறு. பரவலாகப் பயன்படும் ஒரு தயாரிப்பு வரிசையில் நீல நிறக் கார்ட்ரிட்ஜின் கம்பி 3.5 மில்லிமீட்டர் உயரம், மடிந்தபின் 1.5. வெள்ளை 2.5இலிருந்து 1, பச்சை 4.1இலிருந்து 2. மடிந்த உயரம் தேவைக்கு மேல் கூடினால் கசியலாம், குறைந்தால் இரத்தம் நின்று சதை அழுகலாம்.

ஆகவே வடிவமைப்பவரின் முழுப் பாடும் அந்த இடைவெளியைக் காப்பதில்தான். கத்தரிக்கோலில் தடித்த துணியை வைத்தால் நுனி விலகும் அல்லவா? 60 மில்லிமீட்டர் நீளத் தாடையும் அப்படியே விலகப் பார்க்கும். அதற்காகப் பல கருவிகளில் கத்தியின் உடலுக்கு மேலேயும் கீழேயும் இறக்கைகள் வைத்திருக்கிறார்கள். கத்தி போகும் வழியெல்லாம் இரண்டு தாடைகளையும் அவை கவ்விப் பிடித்துக்கொண்டே போகும். மிக அழகான யோசனை. அடித்து முடித்த கார்ட்ரிட்ஜைத் தவறுதலாகத் திரும்ப அடித்தால் கத்தி மட்டும் வெட்டிவிடும் என்பதால், அதற்கும் ஒரு பூட்டு உண்டு.

1908இல் புடாபெஸ்டில் ஹூல்ட்ல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விக்டர் ஃபிஷர் என்ற கருவி செய்பவரோடு சேர்ந்து முதல் ஸ்டேப்ளரைக் கொண்டுவந்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, பூட்டிக் கம்பி ஏற்ற இரண்டு மணி நேரம். 'பீ' மடிப்பும் மாறி மாறி நிற்கும் வரிசையும் அதிலேயே இருந்தன.

பிழையே விடாத கருவி என்று கேட்டீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2011 முதல் 2018 மார்ச் வரை இந்த ஸ்டேப்ளர்கள், கம்பிகள் பற்றி வந்த முறைப்பாடுகள் 41,000க்கு மேல். அவற்றில் 366 மரணங்கள். கம்பி சரியாக மடியாதது, தையல் வரிசை திறந்தது, அளவு மாறிய கம்பியை அடித்தது எல்லாம் அதில் அடக்கம். உடலுக்குள் பயன்படுத்தும் ஸ்டேப்ளர்களை 2021இல் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். மோட்டார் வைத்த புதியவற்றில் சில, தடை கூடினால் வேகத்தைக் குறைக்கும். கைப்பிடியை இறுக்கும்போது நுனி ஆடுவதும் குறையும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த இடத்துக் குடலுக்கு இரத்தம் ஒழுங்காக வருகிறதா என்பது மோட்டாருக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் டொக்டர்தான்.

அம்மாவுக்குப் போட்டது வட்டமாக அடிக்கும் வகையாக இருந்திருக்கலாம். அது வெட்டி எடுக்கும் இரண்டு சதை வளையங்களும் அறுந்துபோகாமல் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு தண்ணீருக்குள் காற்றடிப்பது, நாம் சைக்கிள் டியூபில் ஓட்டை தேடும் அதே வேலை. உங்கள் டொக்டர் அதைச் செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு நிறைய மதிப்பு.

கம்பிகள் பெரும்பாலும் டைட்டானியம், உள்ளேயே இருக்கும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிளந்த கார்ட்ரிட்ஜ் இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது. கல்லடிப் பக்கம் வந்தால் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தச் சரிவுத் துண்டு வேலை செய்யும் விதத்தை என்னைவிட நீங்கள் வேகமாகப் பிடித்துவிடுவீர்கள்.