பழைய டெலிஃபோட்டோ லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் போட்டு கிரிக்கெட், கபடி எடுக்க முடியுமா?

உங்களிடம் கேனான் ஆர்7 என்ற மிரர்லெஸ் கேமரா இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய இஎஃப் 400 மிமீ எஃப் 5.6 லென்ஸ் வருகிறது, அடாப்டர் (இரண்டையும் இணைக்கும் வளையம்) போட்டால் ஃபோகஸ் பிடிக்குமா, கடலூர் பக்கம் மேட்ச் எடுக்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கும். கிரிக்கெட்டுக்கு தாராளமாக வாங்கலாம், கபடிக்கு வேண்டாம்.

பழைய லென்ஸ் என்றாலே பயப்பட வேண்டியதில்லை, முதலில் பார்க்க வேண்டியது ஃபோகஸ் மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைத்தான். கேனான் 1987-ல் இஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது, கேமராவும் லென்ஸும் மின்தொடர்பில்தான் பேசிக்கொள்ளும், அதனால் 1993-ல் வந்த இந்த 400 கூட ஆர்7-ல் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது. அடாப்டரில் லென்ஸ் கண்ணாடியே கிடையாது, வெறும் 24 மிமீ இடைவெளியும் தொடர்பு முனைகளும்தான், ஆகவே படத்தின் தரம் குறையாது. நிக்கான்காரர்கள் நிலைமை வேறு. அவர்களுடைய பழைய 80-200 எஃப் 2.8 டி போன்றவற்றுக்கு மோட்டார் கேமரா பாடியில் இருந்தது, அவற்றை நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் அது இல்லை, கையால்தான் திருகவேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் மோட்டார் உள்ளேயே இருக்கும், பிரச்சினை இல்லை.

சொல்லப்போனால் இந்த லென்ஸ்கள் முன்பைவிட இப்போதுதான் நன்றாக வேலை செய்கின்றன என்பது என் எண்ணம். உள்ளே கண்ணாடி (மிரர்) வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருந்ததால், லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே விழும், அதைச் சரிசெய்ய உட்கார்ந்து அளவு வைத்துக்கொண்டிருப்போம். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் அந்தத் தலைவலி போயிற்று. ஆளையும் கண்ணையும் கண்டுபிடிப்பது பாடியின் வேலை, லென்ஸுக்கு எத்தனை வயது என்று அது கேட்பதில்லை. ஆனால் மோட்டாரின் வேகம் பழைய வேகம்தான், பேட்ஸ்மேன் திடீரென்று கேமரா பக்கம் ஓடிவந்தால் சில படங்கள் தப்பும்.

400-ல் ஸ்டெபிலைசர் கிடையாது. ஆர்7 பாடியில் இருப்பது ஓரளவு தாங்கும், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், ஓடுகிறவர் உறையவேண்டுமென்றால் ஷட்டர் 1/1000 நொடியைவிட மெதுவாகப் போகக்கூடாது, பந்துவீச்சுக்கு 1/2000 வையுங்கள். ஆர்7-ன் சென்சார் சின்னது (1.6 கிராப்), அதனால் அதில் 400 என்பது 640 மிமீ போலத் தெரியும், புதுச்சேரி துத்திப்பட்டு மைதானத்தில் பவுண்டரி கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தே விக்கெட் பக்கம் நெருக்கமாகக் கிடைக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் வருகிறதே என்று ஆசைப்படாதீர்கள், சென்சார் வரிவரியாக வாசிப்பதால் சுழற்றிய மட்டை வாழைத்தண்டு மாதிரி வளைந்து வரும். மெக்கானிக்கலில் 15 போதும், சில பழைய லென்ஸ்களில் அதுவும் முழுசாக வராது.

நம் ஊருக்கென்று இருக்கும் தொல்லை வெயில். பதினொரு மணிக்கு மேல் தரை காய்ந்து கானல் எழும்ப ஆரம்பித்தால் கடலூர் அண்ணா ஸ்டேடியத்தின் அந்தப் பக்கம் ஓடுகிறவரை என்ன லென்ஸ் போட்டு எடுத்தாலும் முகம் குழைந்துதான் வரும். புது லென்ஸ் வாங்கினாலும் காற்று அதே காற்றுதானே! காலையிலும் நாலு மணிக்கு மேலும் எடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் வருகிற வீரரை மட்டும் எடுங்கள்.

கபடி பெரும்பாலும் ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில். எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் நுழையும், எஃப் 2.8-க்கும் எஃப் 5.6-க்கும் வெளிச்சத்தில் நாலு மடங்கு வித்தியாசம், அதோடு கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள், 400-ஐ வைத்துக்கொண்டு ரெய்டர் காதை மட்டும்தான் எடுக்கமுடியும். பழைய 70-200 எஃப் 2.8, அதுவும் கிடைக்காவிட்டால் 85 எஃப் 1.8 போதும். கேமராவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் இருட்டு என்று வரும்.

வாங்கும் முன் லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள், சிலந்திவலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். கடலூர், புதுச்சேரியில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் என்றால் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், சில்வர் பீச் காற்றில் அடிக்கடி எடுத்தது என்றால் மவுண்டின் திருகுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் உங்கள் பாடியிலேயே மாட்டி, கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் பலமுறை ஃபோகஸ் ஓடவிடுங்கள், கிறீச்சென்று சத்தம் வந்தாலோ நடுவில் திணறினாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள், இவ்வளவு பழைய மோட்டாருக்கு ஸ்பேர் கிடைப்பது குதிரைக்கொம்பு.