சினைப்பை கேன்சருக்கு இம்யூனோதெரபி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சேலத்துல ஒரு லேப்ல பயாப்சி ஸ்லைடு பாக்குற டாக்டர் நான். இம்யூனோதெரபின்னா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியவே கேன்சர் மேல ஏவி விடுற மருந்து. டோஸ், ஊசி எல்லாம் உங்க கேன்சர் டாக்டர்கிட்ட கேளுங்க, மத்தத இங்க கேக்கலாம்.

கேள்வி (ஏற்காடு): மேடம், அம்மாவுக்கு சினைப்பை கேன்சர்ல கிளியர் செல்ங்கிற டைப்பு. கீமோ முடிஞ்சு எட்டே மாசத்துல திரும்ப வந்துடுச்சு. இம்யூனோதெரபி கேக்கலாமா? தோட்டத்த அடமானம் வெக்கணும்.

பதில்: கேளுங்க தம்பி, ஆனா தோட்டத்துல இப்ப கை வெக்காதீங்க. எல்லா டைப்பையும் சேத்து பெம்ப்ரோலிசுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்து மட்டும் குடுத்து பாத்தப்ப 100க்கு 8 பேருக்குத்தான் கட்டி சுருங்குச்சு, அதோட பல பேர் கைய விரிச்சுட்டாங்க. கிளியர் செல்ல மட்டும் பிரிச்சு பிரிட்டன்ல 48 பேருக்கு அதே மருந்த குடுத்தப்ப 12 பேருக்கு சுருங்குச்சு, சீனாவுல அதே மாதிரி மருந்தான சின்டிலிமாபோட, கட்டிக்கு ரத்தக்குழாய் வளர விடாம தடுக்குற பெவாசிசுமாப் சேத்தப்ப 100க்கு 40 கிட்ட வந்துச்சு. ரெண்டும் சின்ன ஸ்டடி, மருந்து போடாதவங்களோட ஒப்பிட்டும் பாக்கல.

மொதல்ல ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில எழுதி குடுத்து மெழுகு ப்ளாக்க (கட்டியோட துண்ட மெழுகுல பதிச்சு வெச்சது) வாங்கி, செல்லுல டிஎன்ஏ பிழைய சரி பண்ற புரோட்டீன் இருக்கான்னு பாக்குற எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணுங்க. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2ன்னு நாலு புரோட்டீன், இதுல ஒண்ணு காணோம்னாலும் மருந்து வேலை செய்ய சான்ஸ் நல்லாவே கூடுது, அந்த மாதிரி கட்டிக்கு எந்த உறுப்புன்னு பாக்காம பெம்ப்ரோலிசுமாப்புக்கு 2017லயே அமெரிக்காவுல அனுமதி குடுத்தாச்சு. அப்புறம் ப்ளாக்க வெயில்ல நிக்குற கார்ல விட்டுட்டு போயிடாதீங்க, மெழுகு இளகி டிஷ்யூ கோணிக்கிட்டு வந்தா எங்களுக்குத்தான் தலவலி.

கேள்வி (ஆத்தூர்): எதிர்ப்பு சக்திதானே வேணும், நெலவேம்பு கஷாயம் போதாதா?

பதில்: போதாதுங்க. நோயோட சண்ட போடுற நம்ம டி செல்லுங்கிற ரத்த வெள்ளணுவுக்கு பிடி-1னு ஒரு பிரேக் இருக்கு, கட்டி அத அழுத்தி புடிச்சுக்குது, இம்யூனோதெரபி மருந்து பிரேக் மேல இருக்குற கட்டியோட கால தட்டி விடுது. 2018 நோபல் இந்த பிரேக் வேலைக்குத்தான். கஷாயத்துக்கு அந்த வேலை தெரியாது.

கேள்வி (ஓமலூர்): அக்காவுக்கு கிரானுலோசா செல். அதுக்கும் இதானா?

பதில்: இல்ல, அது ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்ற வேற வகை சினைப்பை கட்டி, அதுல ஆபரேஷன்தான் முக்கியம். அந்த கட்டி சுரக்குற இன்ஹிபின்ங்கிற ஹார்மோனுக்கான ரத்த டெஸ்ட்ட வருஷக்கணக்கா விடாம பாருங்க, பல வருஷம் கழிச்சும் திரும்பும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): மும்பை டாட்டா கேன்சர் ஆஸ்பத்திரியில இம்யூனோதெரபிய கம்மி டோஸ்ல குடுக்குறாங்களாமே, செலவு கொறையும்ல?

பதில்: நிவோலுமாப்ங்கிற இதே வகை மருந்து 20 மில்லிகிராம்னு அவங்க காட்டுனது தலை, கழுத்து கேன்சர்ல. சினைப்பைக்கு அத அப்படியே தூக்கி வெக்க முடியாது. பணம் இல்லன்னா ட்ரையல் (மருந்த நோயாளிகளுக்கு குடுத்து பாக்குற ஆராய்ச்சி) எங்க நடக்குதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அங்க டெஸ்ட் பண்ற மருந்துக்கு உங்க கிட்ட காசு வாங்க மாட்டாங்க.

கேள்வி (அஸ்தம்பட்டி): இம்யூனோதெரபி மருந்து போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, அத்தைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ வயித்தால போகுது. ஹோட்டல் சாப்பாடா இருக்குமா?

பதில்: ஹோட்டல் மேல பழிய போட்டுட்டு உக்காராதீங்க. பிரேக் விட்ட செல்லு குடலையே தாக்கலாம், அதுக்கு ஸ்டீராய்டு தேவப்படும். மெடிக்கல்ல மாத்திரை வாங்கி அடக்காம, இப்பவே மருந்து போட்ட எடத்துக்கு போன் பண்ணுங்க.