கிளீட்டுக்குக் கீழே சொட்டும் தண்ணி

அண்ணா, தேங்காப்பட்டணத்துல நிக்கிற உங்க பாய்ப்படகுல, கயிறு கட்டுற கிளீட்டைச் சுத்தி சிலிக்கான் பூசியும் கேபினுக்குள்ள சொட்டுதுன்னு கேட்டிருந்தீங்க. இன்னொரு தடவை பூசாதீங்க, கிளீட்டையே கழற்றுங்க. ஓட்டைக்குள்ள ஸ்க்ரூடிரைவர் விட்டுக் கிளறிப் பாருங்க. கறுத்த ஈரத்தூள் வந்தா டெக்கோட, அதாவது மேல்தளத்தோட, ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவுல இருக்கிற பிளைவுட் தண்ணி குடிச்சிருக்கு. அழுகினதைச் சுரண்டி எடுத்துட்டு முழுசாக் காயவிடணும். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னாடியே செஞ்சிடுங்க, அப்புறம் காயவே காயாது.

8 மி.மீ. போல்ட்டுன்னா ஓட்டையை 14 ஆக்கி, அடியில டேப் ஒட்டி, பொடி கலந்து கெட்டியாக்கின எபாக்சிப் பசையால நிரப்புங்க. இறுகினதும் நடுவுல 8 மி.மீ. துளை. இனி கசிஞ்சாலும் தண்ணி மரத்தைத் தொடாது. ஃபைபர் வள்ளத்துக்கு ஊத்துற பாலியஸ்டர் ரெசின் வேண்டவே வேண்டாம், மரத்துல அவ்வளவாப் பிடிக்காது. கிளீட்டுக்கு அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் பட்டை), டெக்குக்குக் கீழே 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வையுங்க. போல்ட் தலையை அசையாமப் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் திருப்புங்க. பியூட்டைல் மெதுவாத்தான் பிதுங்கும், ரெண்டு மூணு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.