அந்தக் கசிவை விரலால் தேடாதீர்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் எக்ஸ்கவேட்டரில் பூம் (பெரிய கை) சிலிண்டருக்குப் போகிற ஹோஸில், ஃபிட்டிங்கை ஒட்டி ரப்பர் உரிந்து உள்ளே கம்பி தெரிகிறது. லேசாக எண்ணெய் ஈரமும் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், ஓட்டை எங்கே என்று பிடிபடவில்லை. ஃபிட்டிங்கை இறுக்கினால் போதுமா? ஹோஸை நானே மாற்றலாமா?"

முதலில் அந்த விரலைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதிரி மெஷினில் அழுத்தம் 300 பாரைத் தாண்டும். ஊசித்துளையிலிருந்து அந்த வேகத்தில் வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்னும்போது, கையுறை எல்லாம் ஒரு தடுப்பே இல்லை. மேலே பார்த்தால் முள் குத்தியது போல ஒரு புள்ளிதான், வலியும் பெரிதாக இருக்காது, அதனால்தான் ஆட்கள் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கி உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரும். நீங்கள் தடவியபோது என்ஜின் ஓடியதா? கையில் சின்னப் புள்ளி இருந்தால்கூட, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். "அழுத்தத்தோடு ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கலாம்" என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள்.

கசிவைத் தேட, நீளக் குச்சியின் முனையில் அட்டையைக் கட்டித் தள்ளி நின்று காட்ட வேண்டும், எண்ணெய் பட்ட இடம் அட்டையில் தெரிந்துவிடும். உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. கம்பி தெரிந்துவிட்டது, அந்த ஹோஸ் முடிந்தது. அழுத்தத்தைத் தாங்குவதே அந்தக் கம்பிப் பின்னல்தான். ரப்பர் போனால் ஈரம் பட்டுத் துரு ஏறி, ஒரு நாள் லோடோடு இருக்கும்போது வெடிக்கும். டேப், கிளாம்ப் எதையும் சுற்றாதீர்கள், இறுக்கியும் பயனில்லை.

மாற்றுவதில் ஸ்பேனர் வேலை சுலபம். அழுத்தத்தை இறக்குவதில்தான் ஆபத்தே இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, பூமை முழுக்க இறக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை அணைத்துவிட்டு, சாவி ஆன் நிலையில் லீவர்களை எல்லாப் பக்கமும் பலமுறை அசையுங்கள், டேங்கின் காற்றுத் திறப்பான பிரீதரிலும் அழுத்தத்தை விடுங்கள். அப்புறம் சாவியைக் கழற்றி உங்கள் பையில் வையுங்கள். சில மெஷின்களில் பூம் சிலிண்டரிலேயே ஒரு பூட்டு வால்வு இருக்கும், என்ஜின் நின்றாலும் அது எண்ணெயை அடக்கி வைத்திருக்கும். அதனால் உங்கள் மெஷினின் மேனுவல் சொல்லும் முறைதான் கடைசி வார்த்தை. எண்ணெய் ஆறட்டும். நட்டைத் தளர்த்தும்போது ஒதுங்கி நின்று, இரண்டு ஸ்பேனர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், சீறினால் நிறுத்துங்கள். முதல் முறை என்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பூம் ஹோஸில் கை வைக்க வேண்டாம் என்பேன்.

புது ஹோஸுக்குப் பழையதன் மேல் அச்சிட்ட வரியைப் படியுங்கள். 12 என்ற அளவு எண் இருந்தால் உள்விட்டம் 12/16 அங்குலம், அதாவது முக்கால் அங்குலம். அழுத்த மதிப்பு பழையதற்குக் குறையவே கூடாது. வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல 4 மடங்கு என்பதை நம்பிக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த இடைவெளி திடீர் அதிர்ச்சிகளுக்கானது. ஃபிட்டிங்கில் 37 டிகிரி கூம்பும் 30 டிகிரி கூம்பும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும், மாற்றிப் போட்டால் கசிவு நிற்காது. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹோஸோடு அமுக்கிப் பொருத்திய பழைய கிரிம்ப் ஃபிட்டிங்கை மறுபடி அமுக்கிப் பயன்படுத்தக் கூடாது. வெட்டிய ஹோஸின் உள்ளே தூள் இருக்கும், சுத்தம் செய்து மாட்டும்வரை இரு முனையிலும் மூடி போடுங்கள்.

மாட்டும்போது அந்த அச்சு வரி நேராக ஓட வேண்டும், சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். அழுத்தம் ஏறினால் நீளம் 4 சதவீதம்வரை சுருங்கும் என்பதால் கொஞ்சம் தளர்வு விடுங்கள். பிறகு ஐடிலில், பக்கத்தில் யாரும் நிற்காமல், லோடு இல்லாமல் சில முறை மெதுவாக இயக்கி, அணைத்து, அழுத்தம் இறக்கி, கசிவும் எண்ணெய் அளவும் பாருங்கள்.

இன்னொன்று, ரப்பர் ஏன் அந்த இடத்தில் மட்டும் உரிந்தது? ஃபிட்டிங்கை ஒட்டியே வளைந்திருக்கும், அல்லது கிளாம்ப் ஒன்று விழுந்து இரும்பில் உரசியிருக்கும். புதுசை மாட்டும் முன் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்.