கேளுங்கள், சொல்கிறோம்: சஃப்ரன்போலு ஏன் இடிபடவில்லை?

சென்ற இதழில் துருக்கியின் சஃப்ரன்போலு பற்றி அரைப் பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். ஒட்டோமான் காலத்து மர வீடுகள் தெருத்தெருவாக நிற்கும் சிற்றூர், 1994-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, குங்குமப்பூவுக்குப் பேர்போனது. அவ்வளவுதான் எழுதியிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன.

மயிலாப்பூர் வாசகர்: நம் ஊரில் நூறு வருட வீடு என்றாலே புரோமோட்டர் வந்து நிற்கிறார். அங்கே மட்டும் எப்படித் தப்பின? அரசாங்கம் அவ்வளவு அக்கறையா?

அக்கறை பிற்பாடு வந்தது. முதலில் காப்பாற்றியது வியாபாரம் படுத்துப்போனதுதான்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊர் கிழக்கு மேற்கு வணிகப் பாதையில் சரக்குக் கூட்டங்கள் தங்கிப் போகும் இடம். தோல் பதனிடுபவர், செருப்புத் தைப்பவர், சேணம் செய்பவர், கொல்லர், செம்புப் பாத்திரக்காரர் என்று தொழிலுக்கொரு தெரு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்ததும் பழைய பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. தோல் தொழிலும் நாளடைவில் நொடித்தது.

அடுத்து 1937-ல், பத்து கிலோமீட்டருக்குள் இருந்த கராபுக் என்ற குக்கிராமத்தில் இரும்பு உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1939-ல் உற்பத்தி தொடங்கியது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: சோங்குல்டாக் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் எளிதாக வந்து சேரும், கடலோரமாக இல்லாததால் எதிரிக் கப்பலின் பீரங்கிக்கு எட்டாது. ஆலை வந்ததும் பணம், அடுக்குமாடி, புதுக் கடைத்தெரு எல்லாம் கராபுக் பக்கம் போய்விட்டன. சஃப்ரன்போலுக்காரர்கள் ஆலைச் சம்பளத்துக்குப் போனார்கள். பூர்வீக வீட்டை இடித்துக் கட்டும் அவசரம் யாருக்கும் வரவில்லை. 1970களில் பாதுகாப்பு முயற்சி தொடங்கியபோது பாதுகாக்க ஏதோ மிச்சமிருந்தது. 1995-ல் கராபுக் தனி மாகாணம் ஆனது. ஒரு காலத்தில் தனக்குக் கீழே இருந்த கிராமத்துக்கு இன்று சஃப்ரன்போலு கீழே.

பெரம்பூர் வாசகர் (கட்டடத் தொழில்): மரமும் மண்ணும் வைத்துக் கட்டியது இருநூறு வருடம் நிற்குமா?

நிற்கும், கூரை ஒழுகாத வரை. கீழ்த்தளம் கனமான கல் சுவர், தெருவின் வளைவை ஒட்டியே போகும். அதனால் தரைத்தளத்து அறைகள் கோணல்மாணலாக இருக்கும். மேல்தளத்தை மரச் சட்டத்தால் கட்டி, சட்டங்களுக்கு இடையே வைக்கோல் கலந்த பச்சைச் செங்கல்லை அடைத்து, மேலே பூசிவிடுவார்கள். மேல்தளத்தைத் தெருப் பக்கமாக நீட்டி, சாய்வு முட்டுக்கட்டை கொடுத்துத் தாங்குவார்கள். அந்த நீட்டலில்தான் கோணல் சரியாகி, மேலே சதுரமான அறை கிடைக்கும். நாலு பக்கமும் நீண்ட தாழ்வாரம், மண் பூச்சு நனையாமல் இருக்க.

கெடுவதும் ஒரே வரிசையில்தான். ஒரு ஓடு நகரும், மழைநீர் சட்டத்தின் மூட்டில் இறங்கும், மரம் உளுக்கும், அடைத்த மண் கரைந்து சரியும். இதைவிட மோசம், 'கெட்டியாக இருக்கட்டும்' என்று மேலே சிமென்ட் பூசுவது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் மறைவாக அழுகும். பூச்சு மட்டும் புதுசாகத் தெரியும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் அடித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

உள்ளே ஒவ்வொரு அறையும் ஒரு குட்டி வீடு. சுவரோரம் நீளத் திண்ணை இருக்கை, படுக்கையைச் சுருட்டி வைக்கும் அலமாரி, அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளேயே குளிக்கும் இடம். ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் பகுதி தனி, பெண்கள் புழங்கும் பகுதி தனி. இரண்டுக்கும் நடுச்சுவரில் சுழலும் அலமாரி ஒன்று உண்டு. இந்தப் பக்கம் தட்டை வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போய்விடும். பரிமாறியவர் முகம் தெரியாது.

வசதியுள்ள குடும்பத்துக்கு வீடு இரண்டு. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் காற்றுப் படாத சுகுர் பகுதி, வெயில்காலத்தில் மேட்டில் தோட்டம் சூழ்ந்த பாலர் பகுதி.

அண்ணா நகர் வாசகி: ஊர் நடுவில் இருக்கும் ஜின்ஜி சத்திரத்தைக் கட்டியவர் மந்திரவாதி என்கிறார்களே?

ஜின்ஜி என்ற பேருக்கே 'ஜின் (ஆவி) ஓட்டுபவர்' என்று பொருள்; அந்தப் பேச்சு அதனால் வந்ததுதான். சத்திரத்தைக் கட்டிய ஹுசைன் எஃபெண்டி இந்த ஊர்க்காரர். இஸ்தான்புல் போய், நரம்புத் தளர்ச்சியும் தலைவலியுமாக இருந்த சுல்தான் இப்ராஹிமுக்கு (ஆட்சி 1640–48) மந்திரித்து, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றார். அனடோலியாவின் (துருக்கியின் ஆசியப் பகுதி) தலைமை ராணுவ நீதிபதி பதவி வரை போனார்; வேண்டியவர்களுக்குப் பதவி வாங்கிக் கொடுத்துப் பணமும் குவித்தார். அந்தப் பணத்தில் சொந்த ஊருக்குக் கிடைத்தவைதான் முற்றத்தைச் சுற்றி இரண்டு தளம், அறுபதுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கற்சத்திரமும் பக்கத்துக் குளியல் கூடமும். 1648-ல் சுல்தானைக் கவிழ்த்தபோது இவரையும் கொன்று சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். புதுச் சுல்தான் பட்டம் ஏறும்போது படைவீரர்களுக்குத் தர வேண்டிய வெகுமானத்துக்கு அந்தப் பணம் பயன்பட்டது. சத்திரம் இன்று ஹோட்டல்.

திருவல்லிக்கேணி வாசகர்: அங்கே கிறிஸ்தவர்கள் யாரும் இருந்ததில்லையா?

இருந்தார்கள். கிரான்கொய் என்ற பகுதி முழுக்க அவர்களுடையது. கல் வீடுகள், கீழே கடை, மேலே குடும்பம். 1923-ல் துருக்கியும் கிரீஸும் மக்கள்தொகைப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. மொழியைப் பார்க்கவில்லை, மதத்தை மட்டும் பார்த்தார்கள். ஆகவே அனடோலியாவில் வீட்டில் துருக்கி மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்கூட கிரீஸுக்குக் கப்பலேறினார்கள். அங்கிருந்த முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். கிரான்கொய் தேவாலயம் பின்னாளில் மசூதியானது. சுற்றுலாக் கையேடுகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

தாம்பரம் வாசகி: மொட்டை மாடியில் குங்குமப்பூ வளர்க்கலாமா? கடையில் வாங்குவது அசலா என்று எப்படித் தெரியும்?

மாடியில் வேண்டாம். கிழங்கை ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் அக்டோபர், நவம்பரில் பூக்கும். ஆனால் மொட்டு வெளிவர வெப்பம் 17 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். சென்னையில் அந்த மாதங்களில் ராத்திரியே 24 டிகிரி. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை. கிழங்கு அழுகிவிடும். ஏசி அறையில் தட்டுகளில் வளர்ப்பவர்கள் உண்டு. கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒரு பூவில் மூன்றே சூலக முடிகள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ, கிலோவுக்கு ஒன்றரை லட்சம். விடியற்காலையில் பூ விரியும் முன் பறித்து, அன்றே கையால் பிரித்து உலர்த்த வேண்டும். விலை ஏன் அப்படி என்பது இதில் தெரியும்.

சோதனை: வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு இழை போடுங்கள். அசல் மெதுவாக மஞ்சள் நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும், ஒரு முனை எக்காளம் போல் விரிந்திருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். பொடியாக விற்பதை வாங்கவே வேண்டாம். சர்க்கரைப் பொங்கலுக்கு 12, 15 இழையை இரண்டு ஸ்பூன் சூடான பாலில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கடைசியில் சேருங்கள்.

மாம்பலம் வாசகி: அந்த ஊர் 'லோக்கும்' (டர்கிஷ் டிலைட்) இனிப்பு வீட்டில் வருமா? செய்து பார்த்தேன், பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

வேகவில்லை. 4 கப் சர்க்கரை, ஒன்றரை கப் தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து 115 டிகிரி வரை பாகு காய்ச்சுங்கள். சாறு இல்லாவிட்டால் பாகு பூத்துவிடும். வேறு பாத்திரத்தில் ஒரு கப் கார்ன்ஃப்ளாரை 3 கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பாகில் மாவை நேரடியாகப் போட்டால் கட்டி தட்டும். அடுப்பு சிம்மில், கை விடாமல் ஒரு மணி நேரம். பெரும்பாலோர் இருபது நிமிடத்தில் இறக்கிவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வந்தபின் ஊறிய குங்குமப்பூவைச் சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். புரட்டும் பொடியில் பாதி கார்ன்ஃப்ளார், பாதி பொடித்த சர்க்கரை. நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் சர்க்கரை கசிந்துவிடும். ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் வியர்க்கும்.

ஆதம்பாக்கம் வாசகர்: போய்வர யோசனை. அசைவம் சாப்பிட மாட்டோம்.

அங்காராவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். இஸ்தான்புல்லிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். அக்டோபர் கடைசியில் போனால் பூ பார்க்கலாம். பஸ் வந்து நிற்பது மேட்டில். பழைய கடைத்தெரு பள்ளத்தில். தெரு முழுக்க உருளைக்கல், சக்கரப் பெட்டி தாங்காது, முதுகுப்பையே நல்லது. பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்த கோஸ்லெமே என்ற மெல்லிய ரொட்டி எங்கும் கிடைக்கும். ஆனால் புக்மே என்ற மடிப்பு ரொட்டியில் கீரையோடு கொத்துக்கறியும் சேர்ப்பார்கள். 'எத்சிஸ்' (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டு வாங்குங்கள். சூப்பைக் கேட்கும்போதும் அதே சொல்தான்.