முன்னே அதில் என்ன இருந்தது? குழந்தைகளின் விளையாட்டு வீடு: கேள்வி-பதில்

கோடை லீவு தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. "பிள்ளைக்கு வீடு கட்டணும், எப்படி?" என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. பிள்ளையின் வயசு, வீடு நிற்கப்போகும் இடம், கையில் இருக்கும் சாமான் இந்த மூன்றும் தெரியாமல் நான் எதைச் சொல்வது? அடுத்த முறை மூன்றையும் எழுதுங்கள்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் நாலு வயசுப் பேரனுக்கு வீடு செய்தேன். ரெண்டே நாளில் இடுப்பொடிந்து சாய்ந்துவிட்டது. ஏன்? (சிங்காநல்லூர்)

அட்டையைத் திருப்பி வெட்டியிருப்பீர்கள். இரண்டு தாளுக்கு நடுவே இருக்கும் நெளிவுக் கோடுகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். எடை தாங்குவது அந்தக் கோடுகள்தான். படுக்கைவாட்டில் வந்தால் மடங்கிவிடும். மூணு பிளை (மூணு தாள் அடுக்கு) அட்டை சுவருக்குப் போதாது, அஞ்சு பிளை தேடுங்கள். ஜன்னல் வெட்டும்போது மூலையிலிருந்து நாலு அங்குலமாவது விடுங்கள். பெட்டியில் அடித்திருக்கும் கம்பிப் பின்களை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை உள்ளே அனுப்புங்கள். தரை ஈரம் ஏறினால் எந்த அட்டையும் நிற்காது. அடியில் பழைய பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துப் போடுங்கள்.

மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது என்கிறார் என் மாமியார். போடலாமா? (சூலூர்)

புத்தகம் ஒட்ட அந்தக் காலத்தில் போட்டார்கள். குழந்தை கைவைத்து, நக்கிப் பார்க்கும் சுவரில் கூடாது. அது விஷம். வெறும் மைதாப் பசையே போதும், காய்ந்த பிறகு இரவில் வீட்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கரப்பான் வந்தால் அந்தத் துண்டைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். அட்டை வீட்டின் வசதியே அதுதானே. காகிதக்கூழ் பூசுகிறவர்கள் பழைய கூடைகளுக்குச் செய்வது போல வெந்தயம் அரைத்துச் சேர்க்கலாம்.

கம்பெனியிலிருந்து மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) எட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அப்படியே சுவராக நிறுத்தலாமா? (திருப்பூர், அவினாசி ரோடு)

முதலில் பேலட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. மரத்தின் உள்பாகம் 56 டிகிரியில் அரைமணி நேரம் இருந்திருக்கும். அதை எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு அடித்தது, வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலோ, எண்ணெய்க் கறையோ வாசனையோ இருந்தாலோ, அதுவும் வேண்டாம். முன்னே அதன் மேல் என்ன ஏற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதல்லவா.

அப்புறம் இடைவெளி. சட்டங்களுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இருக்கும் சந்து ஆபத்தானது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மூன்றரைக்குக் குறைவாகப் பலகை அடியுங்கள், அல்லது ஒன்பதுக்கு மேல் திறந்துவிடுங்கள். ஆணியை எடுத்துவிட்டு 80 நம்பர், அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள். பேலட் ஒன்றே இருபது கிலோவுக்கு மேலும் இருக்கலாம். ஆணியை நம்பாமல் போல்ட் போட்டு ஒன்றோடொன்று இணையுங்கள்.

நீல பேரல் ஒன்றைக் குறுக்காக அறுத்துப் படுக்கவைத்தால் நல்ல குகை மாதிரி வரும். பழைய இரும்புக் கடையில் முந்நூறு ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு)

முன்னே அதில் என்ன இருந்தது? கடைக்காரருக்கே தெரியாது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் சுற்றும் பேரல்களில் பல சாயப்பட்டறை வழியாக வந்தவையாகத்தான் இருக்கும். காஸ்டிக், அசிட்டிக் ஆசிட், பெராக்சைடு, பிளீச்சிங் என்று எதுவும் இருந்திருக்கலாம். கழுவினால் வாசனை போகும், பிளாஸ்டிக்குக்குள் ஊறியது போகாது. உள்ளே ஆவி தங்கியிருந்தால் கட்டிங் மெஷின் பொறியில் வெடிக்கவும் செய்யும். விலாசம் தெரிந்த ஜூஸ் கம்பெனியிலிருந்தோ ஊறுகாய்க் கம்பெனியிலிருந்தோ நேராக வாங்கினால் மட்டும் சரி.

கோழிக் கொட்டாயைப் பிரித்தோம். சிமெண்ட் அட்டை இருபது கிடக்கிறது. பாதி பாதியாக அறுத்துப் பிள்ளைகள் வீட்டுக்குக் கூரை போட்டால் வெயில் தாங்குமா? (பல்லடம்)

வெயில் இருக்கட்டும், முதலில் அறுக்காதீர்கள். வருஷா வருஷம் இதை யாராவது கேட்கிறார்கள். நானும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் போய்ச் சேரவில்லை. நம் பக்கத்தில் கோழிப்பண்ணையும் தறிக்கூடமும் கூரை மாற்றும்போதெல்லாம் இந்தப் பழைய அட்டை முதலில் மாட்டுக் கொட்டாய்க்குப் போகிறது, பிறகு பாத்ரூம் மறைப்புக்கு, கடைசியில் குழந்தை விளையாடும் இடத்துக்கு. சும்மா கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை.

அதில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். முழு அட்டையாகக் கூரையில் அசையாமல் இருக்கும்வரை நார் அதிகம் வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், வெயிலிலும் மழையிலும் மேல்பக்கம் அரித்துப்போனால் கண்ணுக்குத் தெரியாத நாராகப் பறக்கும். மூச்சில் போனதை உடம்பு எளிதில் வெளியே தள்ளாது. நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள உறையிலும் புற்றுநோய் வருகிறது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே கடையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். விற்பதெல்லாம் குழந்தைக்கு ஆகும் என்று யார் சொன்னது?

"எங்கப்பாரு காலத்திலிருந்து இதுக்கடியிலதான் படுக்கிறோம், ஒண்ணும் ஆகலைங்க" என்றும் எழுதுவீர்கள் என்று தெரியும். இந்த நோய் வெளியே தெரிய இருபது முதல் நாற்பது வருஷம் ஆகும். அறுபது வயசுக்காரர் இன்று அந்தத் தூசியை இழுப்பதும் ஐந்து வயசுப் பிள்ளை இழுப்பதும் ஒன்றல்ல. அந்த நாற்பது வருஷமும் பிள்ளைக்கு முன்னால் கிடக்கிறது. மேஸ்திரி கட்டிங் மெஷினை வைத்து அறுக்க, தூசி வெள்ளையாக எழும்ப, பக்கத்தில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

கல்நார் இல்லாத புது வகை அட்டைகளும் உண்டு. ஆனால் பழைய அட்டையைக் கண்ணால் பார்த்து இது அதுதானா என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதையும் தண்ணீர் தெளித்து நனைத்து, உடையாமல் அடுக்கி, தடித்த தார்ப்பாயில் சுற்றிப் பிள்ளைகள் போகாத இடத்தில் வையுங்கள். கீழே விழுந்த தூளை விளக்குமாறு வைத்துக் கூட்டாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு கட்டி வையுங்கள். உடைத்துப் பள்ளத்திலோ குளத்துக் கரையிலோ கொட்டாதீர்கள், அங்கேயும் பிள்ளைகள்தான் விளையாடும். குட்டி வீட்டுக் கூரைக்குத் தென்னங்கீற்று போதும்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஓடாமல் கிடக்கிறது. தட்டுகளை எடுத்துவிட்டுப் பொம்மை வீடாக்கலாமா? (கரூர்)

கூடாது. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டால், ரப்பர் காற்றை அடைத்துவிடும், சத்தமும் வெளியே கேட்காது. இன்றைக்கே கதவைக் கழற்றுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகிறவரை கூடக் கதவோடு வைக்கக் கூடாது. வாஷிங் மெஷினுக்கும் பெரிய இரும்புப் பெட்டிக்கும் இதுவேதான்.

தோட்டத்துச் சாளையை (வீட்டை) ஒட்டி மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்துக் குடிசை போட்டிருக்கிறோம். தேள் பயமாக இருக்கிறது. (கிணத்துக்கடவு)

கீற்று தரையைத் தொடக் கூடாது, அரையடி மேலேயே நிறுத்துங்கள். சுற்றிலும் விறகு, தேங்காய் மட்டை, கல் எதையும் குவிக்காதீர்கள். பிள்ளைகள் போகும் முன் தினமும் ஒரு கம்பால் கூரையைத் தட்டுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே கீற்றை வைக்க வேண்டாம். கூட்டாஞ்சோறு ஆக்கும் அடுப்பு குடிசைக்கு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும்.

மொட்டை மாடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் சுற்றி வீடு கட்டினேன். நன்றாக இருக்கிறது, பாராட்டுவீர்களா? (உடுமலை)

ஊர் பெயரைப் பார்த்ததுமே கவலை வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக உங்கள் மேல்தான் வந்து விழுகிறது. உங்களைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் காத்தாடி நட்டது சும்மாவா? ஆனி ஆடியில் நாலு பக்கமும் அடைத்த பேனர் பாய்மரமாகிவிடும், வீட்டோடு தூக்கும். காற்று வரும் மேற்கிலும் அதற்கு எதிரே கிழக்கிலும் திறந்துவிடுங்கள். மூலைக்கு ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன், மூடியை இறுக்கி, கட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் பிள்ளை கூரையில் ஏறிச் சுவரைத் தாண்டும். பேனர் பிளாஸ்டிக்; பகலில் உள்ளே வெந்துபோகும். பாதியை எடுத்துவிட்டுக் கரூர் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். கிழிந்த பேனரை எரிக்காதீர்கள், புகை விஷம்.

தண்ணீர் பாட்டிலில் சுவர் எழுப்ப எத்தனை வேண்டும்? (சேலம்)

நாலுக்கு நாலு அடிச் சுவருக்கு லிட்டர் பாட்டில் இருநூறுக்கு மேல். உள்ளே பிளாஸ்டிக் கவர்களை இறுக்கித் திணித்து மூடுங்கள். ஒரு பாட்டில் முந்நூற்று முப்பது கிராமுக்குக் குறைந்தால் அமுங்கும். மூடியில்லாத பாட்டிலில் மழைத்தண்ணீர் நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும். டயர் வைத்துச் செய்கிறவர்களும் அடியில் துளை போடுங்கள்.

இடித்த வீட்டுத் தேக்கு ஜன்னல் இருக்கிறது. பழைய பச்சை பெயின்டை உரசிவிட்டு மாட்டலாமா? (கோபி)

மரம் நல்லது, பெயின்ட்தான் பிரச்சினை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜன்னல் அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது. முன்னே அதில் என்ன இருந்தது என்று இங்கேயும் கேளுங்கள். உரசினால் ஈயத் தூசி, அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும். பெயின்ட் அடிக்காத மரமாகப் பார்த்து எடுங்கள்.

பனியன் வேஸ்ட் மெத்தைக்குள் திணிக்கலாமா? (திருமுருகன்பூண்டி)

தாராளமாக. ஊசி உடைந்து கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்து, துவைத்துக் காயவைத்த பிறகு.

அழகாகக் கட்டிக் கொடுத்தும் மூணு வயசு மகள் உள்ளே போக மாட்டேன் என்கிறாள். (நாமக்கல்)

வாசல் எந்தப் பக்கம்? சுவரைப் பார்த்து இருந்தால் அவள் போக மாட்டாள்; நீங்கள் வேலை செய்யும் அடுப்படி தெரியும்படி திருப்பி வையுங்கள். கதவை எடுத்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள், அவளுக்குச் செய்ய ஒன்றுமே வைக்கவில்லை. கூரையில் பாதியைப் பிரித்துவிட்டு ஒரு பழைய சென்னிமலைப் பெட்சீட்டும் துணிக் கிளிப்பும் கொடுங்கள், அவளே மூடட்டும்.

உள்ளே சீரியல் செட் போடலாமா? (பொள்ளாச்சி)

அட்டைக்கும் துணிக்கும் நடுவே கரண்ட் ஒயர் வேண்டாம். பேட்டரி விளக்கு வையுங்கள், ஆனால் பட்டன் பேட்டரி போட்டது கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பென்சில் பேட்டரி போட்டு, ஸ்க்ரூ வைத்து மூடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.